கொடையும் குடிமனையும்: கொல்லிமலையிலிருந்து ஒரு கேள்வி



வெண்மணி ஈகியர் நினைவுச் சொற்பொழிவுக்காக இந்த ஆண்டும் கூடியிருக்கிறோம். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அதைக் கூலி உயர்வுப் போராட்டத்தின் வரலாறாக வாசித்திருக்கிறோம். சாதி வன்கொடுமையின் வரலாறாகவும் வாசித்திருக்கிறோம். இன்று அதை ஒரு வீட்டின் வரலாறாக வாசிக்கலாம் என்று தோன்றுகிறது. அந்த மக்களுக்கு ஓலையும் வைக்கோலும் போட்ட கூரைதான் வாய்த்திருந்தது. உயிர் தப்ப ஓடியவர்களுக்கு ஊரில் திறந்திருந்த ஒரே கதவு, எளிதில் தீப்பிடிக்கும் ஒரு குடிசையின் கதவு. வீடு என்பது வெறும் சுவரும் கூரையும் அல்ல என்பதை வெண்மணியைவிடத் தெளிவாகச் சொன்ன நிகழ்ச்சி நம் வரலாற்றில் இல்லை.

அந்த வெளிச்சத்தில் இன்று கொல்லிமலையைப் பற்றிப் பேசுகிறோம். தலித் அரங்கில் பழங்குடி மலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். அப்படி ஒரு கேள்வி எழுவதே நம் குறைதான். சேரியின் குடிமனைப் போராட்டத்தையும் மலையின் பட்டாப் போராட்டத்தையும் நாம் தனித்தனி வழக்குகளாகவே நடத்தி வந்திருக்கிறோம்.

பேச்சுக்கான உடனடிக் காரணம் ஒன்று உண்டு. உள்ளூர் வணிகர்கள், ஆலை முதலாளிகள், லாரி உரிமையாளர்கள் தாமாக முன்வந்து ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடு கட்ட உதவலாம் என்ற பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. நம் மாணவர்களே கேட்கிறார்கள்: “அரசு செய்யவில்லை, இவர்கள் செய்தால் என்ன தவறு?” நேர்மையான கேள்வி. ஐப்பசி மழையில் ஒழுகும் வீட்டில் கிடக்கும் பிள்ளைக்கு நம் கோட்பாடு கூரையாகாது. ஆகவே ஒரே வரியில் மறுத்துவிட்டுப் போக முடியாது. வரலாற்றைக் கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

1. மலையையே கொடுத்தவர்கள்

கொல்லிமலை என்றதும் பள்ளிப் பாடத்திலிருந்து நமக்கு நினைவுக்கு வருபவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடிப்பெருக்கை ஒட்டி அரசே விழா எடுக்கிறது. கொடைக்குப் பெயர் போன மலை அது.

அதே சங்கப் பாடல்கள் இன்னொரு செய்தியையும் வைத்திருக்கின்றன. திருக்கோவலூர்க் காரி ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். காரியும் கடையெழு வள்ளல்களில் ஒருவன்தான். ஒரு வள்ளலைக் கொன்ற இன்னொரு வள்ளல், கொல்லப்பட்டவனின் மலையையே மூன்றாம் மனிதனுக்குக் கொடையாகக் கொடுத்திருக்கிறான். அந்த மலையில் தினை விதைத்தவர்களை, தேன் எடுத்தவர்களை யாராவது கேட்டார்களா? அந்தச் செய்தி இல்லை. நம் இலக்கிய மரபில் கொடுத்தவனின் பெயர் இருக்கிறது. வாங்கிய அரசனின், புலவனின் பெயரும் இருக்கிறது. கொடுக்கப்பட்ட மண்ணின் மேல் நின்றவர்களின் பெயர் மட்டும் இல்லை.

பிரெஞ்சு சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925-இல் கொடை பற்றி ஒரு நீண்ட ஆய்வை எழுதினார். அவருடைய முடிவை எளிமையாக இப்படிச் சொல்லலாம்: எந்தக் கொடையும் இலவசமில்லை. வாங்கியவர் திருப்பித் தரவேண்டும். திருப்பித் தர முடியாதவர் கொடுத்தவருக்குக் கீழே போய்விடுகிறார். சாதிச் சமூகத்தில் வாழும் நமக்கு இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அறுவடைக் களத்தில் முந்தானையை விரித்து நின்ற நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். அவர்கள் பெற்றது உழைப்பின் கூலி. கொடுத்தவர் அதைக் கொடையாக்கிக் கொண்டார்.

2. குடிமனை என்ற கயிறு

1891-இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை தந்தார். 1892-இல் பிறந்த பஞ்சமி நில ஆணைக்கு அதுவே அடிப்படை. பஞ்சமி நிலத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காரணை நிலத்துக்காக நின்று துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த ஜான் தாமஸையும் ஏழுமலையையும் மறக்கவில்லை. ஆனால் ட்ரெமென்ஹீர் அறிக்கையின் இன்னொரு பகுதியை நாம் குறைவாகவே வாசித்தோம். உழும் நிலத்துக்கு முன்பாகவே குடியிருக்கும் மனை ஒரு பிடியாக இருந்தது என்பது அது. குடிசை நின்ற இடம் மிராசுதாரின் உரிமையில் இருந்தது. வேலைக்கு வர மறுத்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். சாட்டையடிகூடத் தேவையில்லை, அந்த ஒரு சொல் போதும்.

1920 வாக்கில் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை உருவானபோது, ஒடுக்கப்பட்டோருக்கு வீட்டுமனை எடுத்துத் தருவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்றாக இருந்தது. அதுவும் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம் வழியாகத் தவணையில் திருப்பிச் செலுத்தும் கடன்தான். நம் முன்னோர்கள் மனைக்குப் பணம் கட்டினார்கள். இலவசமாகக் கொட்டிக் கொடுத்தார்கள் என்ற பேச்சுக்கு இந்த ஒரு செய்தியே பதில்.

வணிக நிறுவனமும் வீடும் சந்தித்த கதை அதே காலத்தில் சென்னையில் நடந்தது. பெரம்பூர் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை தன் தொழிலாளர் சிலருக்குக் குடியிருப்புகள் கட்டியது. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பியதை ஒட்டிப் பகை மூண்டது. புளியந்தோப்பில் அவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். அந்த வரலாற்றை எந்தக் கோணத்தில் வாசித்தாலும் ஒன்று புலப்படும். ஆலை தரும் வீடு ஆலையில் வேலை இருக்கும்வரைதான் வீடு. வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தால், அந்தக் கை மிராசுதாரின் கையாக இருந்தாலென்ன, முதலாளியின் கையாக இருந்தாலென்ன?

இதை உணர்ந்துதான் 1942 ஜூலையில் நாக்பூரில் என். சிவராஜ் தலைமையில் அம்பேத்கர் பங்கேற்கக் கூடிய மாநாடு, தீண்டப்படாதோருக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும், அதற்குக் குடியேற்ற ஆணையம் வேண்டும் என்று தீர்மானித்தது. சாதி இந்துக்களின் நல்ல மனத்தை நம்பி அந்தத் தீர்மானம் எழுதப்படவில்லை. தமிழ்நாட்டில் 1971-இல் வந்த குடியிருப்புச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. வெண்மணி நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் அந்தச் சட்டம் வந்ததைத் தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை. 1978-இல் ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுப்பதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. நம் வீடுகளின் வரலாற்றில் நிலைத்து நின்றவை எல்லாம் சட்டத்தால் வந்தவை. அந்தச் சட்டங்கள் போராட்டத்தால் வந்தவை.

3. கொடுக்கப்பட்ட வீடுகள்

கொடையாக வந்த வீடுகளின் கதைக்கு வருவோம். 1972-இல் கேரளத்தில் அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் லட்சம் வீடு திட்டத்தைக் கொண்டுவந்தார். பொதுமக்களின் நன்கொடை, மாணவர்களின் உடலுழைப்பு, அரசின் நிலம் என்று பலர் கைகோத்த முயற்சி அது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. நிலமற்ற பல குடும்பங்களுக்கு முதல் கூரை அதனால்தான் கிடைத்தது. ஆனால் ஒரே நடுச்சுவரின் இருபுறமும் இரண்டு குடும்பங்களை வைத்த அந்தச் சிறு வீடுகள், ஊருக்குள் ‘லட்சம் வீடு காலனி’ ஆயின. அந்தப் பெயரே வசவாயிற்று. 2024 ஜூனில் அங்கே ‘காலனி’ என்ற சொல்லை விலக்க ஆணை வந்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதல்வரும் சட்டமன்றத்தில் அதே சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். கொடுத்த வீட்டோடு கொடுத்த பெயரை அழிக்க அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடற்கரையில் நடந்தது இதைவிடப் பெரிய சோதனை. வீடு கட்டித் தரத் தொண்டு நிறுவனங்களும் தொழில் நிறுவனங்களும் அரசோடு ஒப்பந்தம் போட்டன. ஒரு வீட்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் அளவு என்று கணக்கிட்டுப் பல ஆயிரம் வீடுகள் எழுந்தன. அந்த வேலையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் யார் பாதிக்கப்பட்டவர் என்ற பட்டியலில், மீன்பிடித் தொழிலைச் சார்ந்து பிழைத்த தலித் கூலிகளும், உப்பேறிய வயல்களில் வேலை இழந்தவர்களும் பல ஊர்களில் விடுபட்டார்கள். கொடையாளர் தாம் பார்த்த இடத்தில்தான் கொடுப்பார். அவர் கண்ணுக்குச் சேரி தெரியாவிட்டால் கேட்க வழக்குமன்றம் இல்லை. புது வீட்டை ஏற்றவர்கள் கடலோரப் பழைய மனையை அரசிடம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தது.

அப்படிப்பட்ட ஒரு குடியிருப்புக்கு நாங்கள் போயிருந்தோம். வீட்டுக்கு வீடு வாசலுக்கு மேல் கொடையாளரின் பெயர்ப்பலகை பதித்திருந்தது. ஒரு வீட்டில் மட்டும் அதன் மேல் நாட்காட்டி தொங்கியது. ஏன் இவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டோம். அந்த அம்மா சிரித்தார். “தேதி பாக்க இல்ல தம்பி. எங்க ஊட்டு வாசல்ல வேற யாரு பேரோ இருக்குது, அத மறைக்கத்தான்.”

அரசும் இந்த நோய்க்கு விலக்கல்ல. 1985-இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் முதல் இன்றுவரை தொகுப்பு வீடுகள் பிரதமர், முதல்வர் பெயர்களில்தான் வருகின்றன. நம் வரிப்பணத்தில் நமக்குச் சட்டப்படி வரவேண்டியதை, வள்ளல் வேடம் போட்டுத்தான் தருகிறார்கள்.

இன்னொரு சுவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு துணிக்கடை உரிமையாளர் வீட்டின் 20 அடி உயரச் சுற்றுச்சுவர், மழையில் இடிந்து தலித் மக்களின் ஓட்டு வீடுகள் மேல் விழுந்தது. உறக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். நீதி கேட்டுத் திரண்டவர்கள் தடியடியையும் கைதையும் சந்தித்தார்கள். உள்ளூர் வணிகம் ஏழையின் வீட்டுக்கு என்ன செய்ய முடியும் என்று பேசும்போது, முதலில் என்ன செய்யாமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே பேசவேண்டும்.

4. எழுபது வளைவுகளுக்கு மேலே ஒரு மூட்டை சிமெண்ட்

இப்போது மலைக்கு ஏறுவோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று நாடுகளாகப் பிரிந்த ஊராட்சிகள். 2011 கணக்கெடுப்பில் சுமார் 40,000 மக்கள். மிகப் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடிகள். காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்பது அவர்களின் வாய்மொழி வரலாறு. மண்சுவரும் புல்கூரையும் கொண்ட அவர்களின் பழைய வீட்டுக்கு எதையும் கீழிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. மண் அங்கேயே, மரம் அங்கேயே, புல் அங்கேயே, உழைப்பும் உறவுமுறையில் அங்கேயே.

சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் மரவள்ளி வந்தபோது இந்தக் கணக்கு மாறியது. சேலம், நாமக்கல் பகுதியின் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். ஆலைகளுக்கென்று 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவே பிறந்தது. மலையின் மிளகும் வாழையும் பலாவும்கூட லாரியில்தான் இறங்குகின்றன. 1960-களில் தொடங்கிய மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டைப் போலவே கொல்லிமலையின் பாக்சைட்டும் போனது. ‘உள்ளூர் வணிகம்’ என்று நாம் சொல்வது இந்த மலைக்குப் புதிய விருந்தாளி அல்ல. மலையிலிருந்து எடுத்து எடுத்துத்தான் அதில் ஒரு பகுதி வளர்ந்திருக்கிறது.

அரசு வீடு இந்த மலையில் எப்படி எழுகிறது? 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்குச் சுமார் மூன்றரை லட்சம் ரூபாய். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. நல்ல இலக்குதான். ஆனால் மூட்டை சிமெண்டும் கம்பியும் மணலும் 70 வளைவு ஏறி வந்து, அங்கிருந்து சிறு வண்டிக்கு மாறி, வண்டி போகாத குக்கிராமத்துக்குத் தலைச்சுமையாகப் போகின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் கூலி. சரிவில் மனை சமன்படுத்த வேண்டும், தாங்குசுவர் எழுப்ப வேண்டும். கோடையில் சுவருக்கு நீர் விடத் தண்ணீர் சுமக்க வேண்டும். அரசுப் பணமோ அடித்தளம், நிலைமட்டம், கூரை என்று வேலை முடிந்த பிறகு படிப்படியாகத்தான் வரும். முதலில் செலவழிக்கக் கையில் பணம் வேண்டும். குடிசையில் இருப்பவருக்கு ஏது அந்தப் பணம்?

அந்த இடைவெளியில்தான் உதவிக்கரம் நீள்கிறது. நாங்கள் சந்தித்த ஒரு பெண்ணின் வீடு நிலைமட்டத்தோடு நின்றிருந்தது. கிழங்கு வாங்கும் வியாபாரி ஒருவர் சிமெண்டும் கம்பியும் இறக்கிக் கொடுத்தார். எழுத்து இல்லை, வட்டி என்றும் சொல்லவில்லை. மழைக்கு முன் தளம் போட்டாயிற்று. அதன் பிறகு அவர் கிழங்கை வேறு யாருக்கும் போட முடியவில்லை. விலை வியாபாரி சொன்ன விலை. மூன்று அறுவடை அப்படிப் போயிற்று என்றார். அந்த வியாபாரியை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “அவரு இல்லன்னா இந்தக் கூரை ஏது?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “வீடு எனக்கு, கெழங்கு அவருக்கு.”

செங்கல்பட்டு மிராசுதாரின் கயிறு மனையில் கட்டப்பட்டிருந்தது. இங்கே அது கூரையில் கட்டப்பட்டிருக்கிறது. கயிறு அதேதான்.

இன்னும் அடியில் பட்டா இருக்கிறது. மனை தன் பெயரில் இல்லாதவர் எந்த வீட்டுத் திட்டத்துக்குள்ளும் நுழைய முடியாது. 2006 வன உரிமைச் சட்டப்படி உரிமை ஆவணம் வழங்குவது தமிழ்நாட்டில் நீதிமன்ற ஆணையால் 2016 வரை முடங்கிக் கிடந்தது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. அதனால் 1996-இன் பெசா சட்டம் பழங்குடிக் கிராமசபைகளுக்குத் தரும் அதிகாரமும் இந்த மலைக்கு இல்லை. 2023-இல் மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கென்று ஒன்றிய அரசு கொண்டுவந்த வீட்டுத் திட்டத்தின் பட்டியலில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் உண்டு. மலையாளிகள் இல்லை.

5. அப்படியானால் வணிகர்கள் வரவேண்டாமா?

வரட்டும். ஆனால் எந்த வாசல் வழியாக என்பதை நாம் சொல்லவேண்டும்.

பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை இது தன்னார்வமே அல்ல. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. மலையில் எடுத்தவர்கள் மலைக்குத் தருவது சட்டப்படி கடமை. அதற்கு நன்றிக் கூட்டம் தேவையில்லை, கணக்குத்தான் தேவை.

அந்தச் சட்ட வரம்புக்குள் வராத சிறு வணிகர்கள், லாரிக்காரர்கள், ஆலைக்காரர்களிடம் நாம் கேட்பது பணம் அல்ல. நாமக்கல் லாரிக்கும் லாரி கூண்டு கட்டுவதற்கும் பெயர் போன ஊர். கிழங்கு ஏற்ற மலையேறும் லாரிகளில் பல காலியாகவே ஏறுவதை நாங்கள் பார்த்தோம். அந்த வண்டியில் சிமெண்டும் கம்பியும் ஏறினால், ஏறுகூலி என்ற பெரும் சுமை குறையும். கட்டுமானக் கடைகள் கொள்முதல் விலைக்கு, ரசீதோடு, அரசுத் தவணை வரும்வரை கடன் தரலாம். அந்தக் கடனுக்கு விளைச்சல் ஈடாகக் கூடாது என்பது முதல் நிபந்தனை. கட்டும் வேலை மலை இளைஞர்களுக்கே முழுக்கூலியோடு போகவேண்டும் என்பது இரண்டாவது. யாருக்கு வீடு என்பதைக் கிராமசபை முடிவு செய்யும், கணக்கு அங்கேயே வாசிக்கப்படும் என்பது மூன்றாவது. பட்டா பெண்ணின் பெயரில் இருக்கும், வாசலில் வேறு எவர் பெயரும் இருக்காது என்பது நான்காவது. இந்த நான்கையும் ஏற்பவர் நமக்கு வள்ளல் அல்ல, தோழர். ஏற்காதவர் வள்ளலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அவர் வீடு நமக்கு வேண்டாம்.

இப்படி நடக்குமா என்று ஐயம் எழலாம். வெண்மணிக்குப் பிறகு அந்த மண்ணுக்கே போய் வேலை செய்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். தலித் குடும்பத்தில் பிறந்தவர். 1981-இல் அவரும் கணவரும் தொடங்கிய லாப்டி அமைப்பு, மிராசுதார்களின் நிலத்தை விலைக்கு வாங்கி, கூலிப் பெண்களின் பெயரில் பதிந்து கொடுத்தது. வீடு கட்டும் வேலை அதற்குப் பிறகு வந்தது. நிலம் முதலில், வீடு அடுத்து. காந்திய வழியோடு நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இந்த வரிசையில் நமக்கு வேறுபாடு இல்லை.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கைகளையும் இதோடு சேர்த்துச் சொல்கிறோம். மலைக்கான வீட்டுத் தொகையை மலைச் செலவைக் கணக்கிட்டு நிர்ணயிக்க வேண்டும். முதல் தவணையை வேலை தொடங்கும் முன் தரவேண்டும். நிலுவையிலுள்ள பட்டாக்களை முகாம் போட்டு முடிக்க வேண்டும். மண்ணும் கல்லும் கொண்டு கட்டும் மலை முறையையும் உறுதியான வீடாக ஏற்க வேண்டும். வணிகர்களின் உதவி இந்தக் கோரிக்கைகளைத் தள்ளிப்போடும் சாக்காக மாறினால், அந்த உதவியை நாம் எதிர்ப்போம்.

தோழர்களே, செங்கல் சூளைகளில் வெந்தவர்கள் நம் மக்கள். ஊரெல்லாம் சுவர் எழுப்பிய கொத்தனாரும் சித்தாளும் நம் மக்கள். வீடு கட்டத் தெரியாதவர்கள் அல்லர் நாம். காலுக்குக் கீழே மண் சொந்தமில்லாமல் வைக்கப்பட்டவர்கள். ராமையாவின் குடிசைக்குள் ஓடிய 44 பேருக்கு நாம் பட்டிருக்கும் கடன், இன்னொரு கொடையாளரைத் தேடிப் பிடிப்பதால் தீராது. கொல்லிமலையில் அந்தப் பெண் தன் கிழங்கைத் தனக்குப் பிடித்த விலைக்கு, பிடித்தவருக்கு விற்றுவிட்டு, தன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தும் நாளில் அதில் ஒரு பங்கு தீரும்.

ஜெய்பீம்.